பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்குமா?

"பழைய வண்டி சார், கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்." ஒன்றரை வருடத்தில் மூன்று ஒர்க்ஷாப்களில் இதைக் கேட்டுவிட்டேன். சொன்னவர்கள் யாரும் என்னை ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லை. ஒருவர் ஆறுதலாகத்தான் சொன்னார், வயதான அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போன மகனிடம் பேசுவதுபோல. ஆனாலும் வீட்டுக்கு ஓட்டி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு தொண்டையில் சிக்கிய முள்ளாக உறுத்திக்கொண்டே வரும்.

என் காருக்கு வயது 16. ஓடியது 1,70,000 கிலோமீட்டர். எஞ்சினில் குறை இல்லை, கியர் தடுமாறாமல் விழும். தொல்லை ஒன்றே ஒன்றுதான். 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பிரேக்கை மிதித்தால் வண்டியின் மூக்கு இடது பக்கம் ஒதுங்கும். பதறும் அளவுக்கு இல்லை, உள்ளங்கையில் தெரியும் அளவுக்கு. காலை எடுத்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால் அதே மூக்கு வலது பக்கம் திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவே பாதத்துக்கு அடியில் எங்கோ 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து வருபவர்களுக்கு இதெல்லாம் தெரிவதே இல்லை. தினமும் ஓட்டுகிற கைக்கு மட்டும்தான் தெரியும். மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார். அவர் கைக்கு என் வண்டி புதிது. 16 வருட வண்டி இதைவிட நன்றாக ஓடினால்தான் அவருக்கு ஆச்சரியம்.

வயதைக் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ரப்பர் கிழிந்திருந்தால் அது காரணம். சக்கரத்தை இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் அது காரணம். ஆயில் கசிந்து ஷாக் அப்சார்பர் சோர்ந்திருந்தால் அதுவும் காரணம். இவற்றையெல்லாம் கண்ணால் பார்க்கலாம், கையால் ஆட்டலாம், அளந்து எழுதி வைக்கலாம். வயதை எந்த ஸ்பேனரால் பிடிப்பது? வயது என்று ஒருவர் சொன்ன நிமிடத்திலேயே தேடுகிற வேலை நின்றுபோகிறது. எனக்கு வலித்தது அதுதான்.

மாற்றிய பாகங்கள்

முதல் ஒர்க்ஷாப்பில் முன்பக்க மட்கார்டின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றி வண்டியை அழுத்தி விட்டார்கள். எழும்பி, இறங்கி, மறுபடி எழும்பி நின்றது. "ஷாக் போயிடுச்சு சார்." குனிந்து பார்த்தால் ஆயில் வழிந்து தூசி படிந்த தடமும் இருந்தது. வெறும் ஈரக்கசிவு என்றால் பயப்பட வேண்டியதில்லை. இது வழிந்தே இருந்தது. இரண்டு பக்கமும் மாற்றினோம். வேகத்தடையில் ஏறி இறங்கியதும் வண்டி தள்ளாடுவது நின்றது. எனக்கு மகிழ்ச்சி. அடுத்த முறை பிரேக்கை மிதித்தேன், மூக்கு பழையபடி இடது பக்கம் போனது.

கையால் அழுத்திப் பார்க்கும் அந்தச் சோதனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முழுக்க செத்துப்போன ஷாக் அப்சார்பரை அது காட்டிக்கொடுக்கும், பாதி சோர்ந்ததை மறைத்துவிடும். நாம் கையால் அழுத்தும்போது உள்ளே இருக்கும் பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. ஒரு பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது அதே பிஸ்டன் அதைவிடப் பலமடங்கு வேகத்தில் அடிபடுகிறது. மெதுவான நகர்வில் சீல்களின் உராய்வே வண்டியை நிறுத்திப் பிடித்துவிடும். 'அழுத்திப் பார்த்தேன், நல்லா இருக்கு' என்று யாராவது சொன்னால், 'இன்னும் சாகவில்லை' என்று மட்டும் எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது இடத்தில் ஸ்டெபிலைசர் பாரின் (இடது வலது சக்கரங்களை இணைத்து வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) லிங்க் ராடுகளையும், ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட்களின் எண்டுகளையும் மாற்றிவிட்டு, கணினி வைத்து வீல் அலைன்மென்ட் செய்தார்கள். சக்கரம் நிற்கும் கோணங்களான கேம்பர், காஸ்டர், டோ எல்லாமே பச்சைக் கட்டத்தில் இருப்பதாக ஒரு தாள் கொடுத்தார்கள். சின்னச் சின்னப் பள்ளங்களில் வந்துகொண்டிருந்த லொடலொட சத்தம் காணாமல் போனது. நான் போனதோ பிரேக் பிடித்தால் இழுக்கிறதே என்பதற்கு. அது தீரவில்லை.

இங்கேதான் பழைய வண்டியின் பெரிய சிக்கல் இருக்கிறது. புது வண்டியில் குறை என்றால் பெரும்பாலும் ஒரே குறை. சரியான பாகத்தை மாற்றினால் தீரும், தவறானதை மாற்றினால் எதுவும் மாறாது. பழைய வண்டியில் எதை மாற்றினாலும் ஏதோ ஒன்று சரியாகிவிடும், ஏனென்றால் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அந்தச் சின்ன முன்னேற்றத்தைப் பார்த்துவிட்டு, சரியான பாதையில்தான் போகிறோம் என்று நாமும் நம்புகிறோம், மெக்கானிக்கும் நம்புகிறார். நான்கு நோய் உள்ளவருக்கு எந்த மருந்து கொடுத்தாலும் ஒரு வலி குறையும். வந்த நோய் எது என்பது அப்படியே நிற்கும்.

மூன்றாவது இடத்தில், சக்கரத்தைக் கீழே பாடியோடு பிணைக்கும் லோயர் ஆர்ம் இரண்டையும் கழற்றி, அவற்றின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளைகளான புஷ்களைப் புதிதாகப் பிரஸ்ஸில் வைத்து இறக்கி மாட்டினார்கள். அன்று மாலை ஓட்டிய நிமிடம் இன்னும் நினைவிருக்கிறது. பிரேக்கை மிதித்தேன். நேராக நின்றது. இன்னொரு முறை, இன்னும் அழுத்தி. நேர். அந்த 'டொக்' இல்லை. நாலு மாதம் நிம்மதியாக ஓட்டினேன். ஐந்தாவது மாதம் உள்ளங்கையில் அந்தப் பழைய சந்தேகம் மெல்லத் தலைகாட்டியது. ஆறாவது மாதம் சந்தேகமே இல்லை, முழுதாகத் திரும்பிவிட்டது. மறுபடி அங்கேயே போனேன். "புஷ் புதுசு சார், இப்பதானே போட்டோம். அதுல ஒண்ணும் இருக்காது. பழைய வண்டி, பாடியிலேயே ஏதாவது இருக்கும்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆறு மாதத்தில் புஷ் போகுமா?

எப்போது என்ற கேள்வி

அதன் பிறகு கொஞ்ச நாள் ஒர்க்ஷாப் பக்கமே போகவில்லை. அதுவரை வண்டியின் அளவுகளை மட்டும் எழுதிவந்த சின்ன நோட்டை வண்டியிலேயே போட்டு வைத்தேன். அதுவரை நான் எல்லாரிடமும் கேட்டது 'எது போயிருக்கு' என்ற கேள்வி. அதற்குப் பதிலாக ஒரு பாகத்தின் பெயர்தான் வரும். நோட்டில் பாகத்தின் பெயரே எழுதக் கூடாது, 'எப்போது' என்பதை மட்டும் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். எந்த வேகத்தில், நேரான சாலையிலா வளைவிலா, பிரேக்கிலா ஆக்சிலரேட்டரிலா, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதா இரண்டும் சேர்ந்தா, வண்டி சூடாக இருக்கும்போதா காலையில் எடுத்ததுமா.

எழுத எழுதத்தான் இந்தக் கேள்விக்கு எவ்வளவு பலம் என்று புரிந்தது. லிங்க் ராடை எடுத்துக்கொள்ளுங்கள். அது தேய்ந்திருந்தால் ஒரு சக்கரம் மட்டும் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது கடகடக்கும். அகலமான வேகத்தடையில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் பேசாது. இரண்டும் ஒன்றாக எழும்பும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறுவதே இல்லை, லிங்க் ராடுக்கு அங்கே வேலை இல்லை. ஜாக்கில் கூட ஏற்றாமல், சாலையின் வடிவத்தை வைத்தே இதைப் பிரித்துவிடலாம். வீல் பேரிங் வேறு வகை. அது அடிக்காது, முனகும். வேகம் கூடக்கூட முனகலும் கூடும். இடது பக்கம் வளைத்தால் பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். அந்த வளைவில் முனகல் கூடினால் வலது பேரிங்கைச் சந்தேகிக்கலாம். வலது வளைவில் கூடினால் இடது. ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டில் இருக்கும் பேரிங் இறுகிப்போனால் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி 'டொய்ங்' என்று விடுபடும். ஓடும்போது ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாமல் விட்ட இடத்திலேயே நிற்கப் பார்க்கும்.

கையால் ஆட்டிப் பார்ப்பதிலும் இதே தர்க்கம்தான். சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லொடக் என்றால் பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம், பேரிங்காகவும் இருக்கலாம். உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினால், ஆட்டம் மறைந்ததென்றால் பேரிங். பிரேக், டிஸ்க்கைப் பிடித்து, சக்கரத்தோடு சுழலும் ஹப்பை அதைத் தாங்கும் சுழலாத நக்கிளோடு ஒன்றாக்கிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் தெரியாமல் போகிறது. ஆட்டம் அப்படியே இருந்தால் அதற்கு அப்பால் பார்க்க வேண்டும். ஒரு பெடலை மிதிப்பதில் இரண்டு பாகங்கள் பிரிந்துவிடுகின்றன! (வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகும் வேலைக்கு ஜாக்கை மட்டும் நம்பவே கூடாது. ஸ்டாண்ட் போட்ட பிறகுதான் குனிவது.)

என் வண்டியின் கதையை நோட்டு இப்படிச் சொன்னது. நேரான சாலையில் ஒரே வேகத்தில் போனால் இழுப்பு இல்லை. பிரேக்கில் இடது. ஆக்சிலரேட்டரில் வலது. சத்தம் இந்த இரண்டும் மாறும் கணத்தில் மட்டும், ஒரு மாற்றத்துக்கு ஒரு தடவை. வேகத்தடை, பள்ளம், வளைவு எதற்கும் சம்பந்தமில்லை. முன் டயர்களை இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். டயரின் உள் அமைப்பால் இழுப்பு வருவதாக இருந்தால் அது டயரோடு சேர்ந்து பக்கம் மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தி இரண்டு முன் சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சூடு ஒரே அளவு. வலது காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) சரியாகப் பிடிக்காமல் இடது மட்டும் பிடித்திருந்தால் இடது அதிகமாகக் கொதித்திருக்கும். காற்றழுத்தம் சமம்.

முன்னும் பின்னும் தள்ளும் விசையில் மட்டும் வருகிற குறை. அப்படியானால் முன்னும் பின்னும் போகாமல் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று பிடிக்கவில்லை. என் வண்டியில் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். 1940களில் ஏர்ல் மெக்ஃபர்சன் வகுத்த அந்த அமைப்பின் அழகே பாகங்கள் குறைவு என்பதுதான். மேலே ஸ்ட்ரட், கீழே ஒரே ஒரு லோயர் ஆர்ம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் போகாமல் கீழே தடுப்பது அந்த ஆர்மின் இரண்டு ரப்பர் புஷ்கள். நோட்டு மறுபடி மறுபடி அந்தப் புஷ்களையே கைகாட்டியது. ஆனால் அவை புதியவை. மூன்றாவது ஒர்க்ஷாப்பில் கடப்பாறையை வைத்து நெம்பிப் பார்த்தவரும் ஆட்டம் இல்லை என்றே சொல்லியிருந்தார். அங்கேயே இரண்டு வாரம் நின்றேன்.

சக்கரம் நகர்ந்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி வந்திருந்தான். அவனிடம் கையடக்கமான கேமரா ஒன்று இருந்தது. அதைக் கதவுக்கு அடியில், பாடியின் விளிம்பில், இடது முன் சக்கரத்தைப் பார்க்கும்படி பட்டையால் இறுக்கிக் கட்டினோம். ஆளில்லாத பெரிய மைதானத்துக்குக் கொண்டுபோய், அவன் ஓட்ட, 30 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக், பிறகு ஆக்சிலரேட்டர், மறுபடி பிரேக். நான் தள்ளி நின்று பார்த்தேன். வெளியிலிருந்து ஒன்றுமே தெரியவில்லை. "அண்ணா, போதுமா?" என்றான். கேமராவை வலது பக்கத்துக்கு மாற்றிக் கட்டி அதே மாதிரி இன்னொரு சுற்று ஓட்டச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கமும் எடுத்துவிடுவோமே என்ற எண்ணம்தான்.

வீட்டில் இரண்டு வீடியோக்களையும் வேகத்தைக் குறைத்து ஓட விட்டோம். முதலில் வலது பக்கம். பிரேக் பிடித்ததும் வண்டியின் முன்பக்கம் தாழ்கிறது, டயர் மேலே ஏறுகிறது, டயருக்கும் அதன் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தடுப்புக்கும் உள்ள இடைவெளி இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைகிறது. ரப்பர் அந்த அளவுக்கு நெகிழத்தான் வேண்டும். பிறகு இடது பக்கம். அதே தாழ்வு, அதே ஏற்றம். அதோடு முழுச் சக்கரமும் பின்னால் போனது. குறைந்தது ஒரு சென்டிமீட்டர். ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் முன்னால் வந்தது. வந்து நின்ற இடத்தில் சட்டென்று ஒரு அதிர்வு, படத்தில் சத்தம் கேட்கவில்லை என்றாலும் அந்த 'டொக்' அதுதான் என்று உடம்பு சொன்னது. தம்பி திரையைத் தொட்டுக்கொண்டு, "அண்ணா, சக்கரமே நடக்குதே" என்றான்.

நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. வலது சக்கரம் நகரவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே வயது, ஒரே கிலோமீட்டர், ஒரே பாதை, ஒரே நாளில் மாட்டிய புஷ். வயதுதான் காரணம் என்றால் இரண்டும் நகர்ந்திருக்க வேண்டும். ஒன்றரை வருடமாக எனக்குச் சொல்லப்பட்ட பதிலுக்கு எதிரான சாட்சி வண்டியின் வலது பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அதோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, நானும்தான்.

அலைன்மென்ட் தாள் ஏன் பச்சையாக இருந்தது என்பதும் அப்போது விளங்கியது. அந்த மேடையில் வண்டி அசையாமல் நிற்கிறது, சக்கரத்தை யாரும் பின்னால் தள்ளவில்லை. சாலையில் கதை வேறு. ஆளோடு சேர்த்து வண்டியின் எடை 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பாதி அளவுக்கு வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால் மொத்த விசை 550 கிலோ எடைக்குச் சமம். அதில் முன் சக்கரங்கள் ஏற்பது ஏறக்குறைய 70 சதவீதம். ஒரு முன் சக்கரத்தை 190 கிலோ எடை பின்னால் தள்ளுவதுபோல. பிரேக் காலிப்பர் நக்கிளின் மேலேயே பிடித்திருப்பதால் கீழ் பால் ஜாயிண்டுக்குப் போகும் விசை இதையும் விட அதிகம். புஷ் கிழிந்திருந்தால் அந்த விசையில் சக்கரம் பின்னால் போகும், டை ராட் தன் இடத்தில் நிற்கும், அந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் டோ, அதாவது அது பார்க்கும் திசை, மாறும். அதைத்தான் என் உள்ளங்கை இழுப்பு என்று உணர்ந்தது. நின்ற வண்டியை அளந்த கருவி பொய் சொல்லவில்லை, ஓடும் வண்டியைப் பற்றி அதனிடம் யாரும் கேட்கவில்லை.

13 டிகிரி

சரி, ஆறு மாதத்தில் புது புஷ் ஏன் கிழிந்தது? இதற்கான தடயம் என் நோட்டிலேயே, நான் பொருட்படுத்தாத பக்கத்தில் இருந்தது. ஷாக் அப்சார்பர் மாற்றிய காலத்திலிருந்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டின் விளிம்பு வரை அளந்து எழுதுவது வழக்கம். தரையிலிருந்து அளந்தால் டயரின் காற்றும் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். புஷ் மாற்றுவதற்கு முன் இரண்டு பக்கமும் 37 சென்டிமீட்டர். மாற்றிய மறுநாள் இரண்டு பக்கமும் 38.1. புது புஷ் போட்டதால் வண்டி நிமிர்ந்து நிற்கிறது என்று சந்தோஷப்பட்டு எழுதி வைத்திருந்தேன். வீடியோ எடுத்த வாரம் மறுபடி அளந்தேன். வலது 37.8. இடது 37.1.

புஷ் என்பது வண்டியைத் தூக்கி நிறுத்தும் பாகமே இல்லை. அந்த வேலை ஸ்பிரிங்குடையது. அப்படியிருக்க ஸ்பிரிங்கைத் தொடாமல் வண்டி ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால், புஷ் தனக்குச் சம்பந்தமில்லாத வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். இந்த வகை புஷ்ஷில் வெளி வளையமும் உள் குழாயும் ரப்பரோடு ஒட்டியவை. எதுவும் சுழலாது, ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்பும். நடுவில் போகும் போல்ட்டை இறுக்கியதும் உள் குழாய் அந்த நிலையில் பூட்டிக்கொள்ளும். ரப்பருக்கு 'இயல்பு நிலை' என்றால் அந்தக் கணத்தில் ஆர்ம் எங்கே இருந்ததோ அதுதான்.

இரண்டு தூண் லிஃப்ட்டில் வண்டியைப் பாடியைப் பிடித்துத் தூக்கினால் சக்கரங்கள் கீழே தொங்கும். என் வண்டியில் அந்தத் தொங்கல் 8 சென்டிமீட்டர், ஆர்மின் நீளம் 35 சென்டிமீட்டர். கோணக் கணக்கு போட்டால் ஏறக்குறைய 13 டிகிரி. தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டுத் தரையில் இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் 13 டிகிரி முறுக்கில் இருக்கும். இரவெல்லாம், பகலெல்லாம். ஒரு பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறினால் அதற்கு மேலும் முறுக்கு. முறுக்கிய ரப்பர் தன் நிலைக்குத் திரும்பப் பார்ப்பதால்தான் வண்டி ஒரு சென்டிமீட்டர் தூக்கி நின்றது. இடது பக்க ரப்பர் கிழியக் கிழிய அந்தத் தூக்கலும் விட்டுப்போய் 37.1க்கு இறங்கியிருக்கிறது. நான் சந்தோஷப்பட்ட எண்தான் நோயின் முதல் அறிகுறி.

வீடியோவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அதே மூன்றாவது ஒர்க்ஷாப்புக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. அவரை விட்டு வேறு இடத்துக்குப் போனால் நான்காவது முறையாக முதலிலிருந்து சொல்ல வேண்டும், அந்தத் தெம்பு என்னிடம் இல்லை. அவர் வீடியோவை மூன்று தடவை பார்த்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "நாம போல்ட்டை டைட் பண்ணும்போது வண்டி மேலதான் சார் இருந்தது" என்றார், அவராகவே. அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. ஆர்மைக் கழற்றினோம். இடது பின் புஷ்ஷில் ரப்பர் உள் குழாயைச் சுற்றி முக்கால்வாசி பிய்ந்திருந்தது. நெம்பியபோது ஏன் தெரியவில்லை என்பதும் புரிந்தது. தொங்கும் நிலையில் ரப்பர் முறுக்கு இல்லாமல் இருக்கிறது, கிழிந்த விளிம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்கின்றன. கடப்பாறையை அவர் நெம்பிய திசையும் மேலும் கீழுமாக இருந்தது, முன்னும் பின்னுமாக அல்ல. வலது பக்கப் புஷ்ஷிலும் விரல் நகம் இறங்கும் அளவுக்கு வெடிப்பு விழுந்திருந்தது. இன்னும் சில மாதத்தில் அதுவும் போயிருக்கும்.

புது புஷ்களை இறக்கும்போது ரப்பரில் இருக்கும் வெற்றிடங்கள் பழையது நின்ற திசையிலேயே நிற்கிறதா என்று குறி வைத்துப் பார்த்து இறக்கினோம். அந்த வெற்றிடங்கள் இருக்கும் திசையில்தான் புஷ் மெத்தென்று இருக்கும், மற்ற திசையில் கெட்டி. திருப்பிப் போட்டால் குணமே மாறிவிடும். போல்ட்களைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சில அடி உருட்டி, மட்கார்டை நாலு தடவை அழுத்தி விட்டோம். பிறகு சக்கரங்கள் பலகையின் மேலேயே நிற்கும் நாலு தூண் லிஃப்ட்டில் ஏற்றினோம். அளந்தேன், 37. அந்த நிலையில் அவர் அடியில் நின்று கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினார். கடைசி போல்ட் 'க்ளிக்' என்றதும் வெள்ளை பெயிண்டால் போல்ட் தலையிலிருந்து, ஆர்ம் பொருந்தியிருக்கும் சப்ஃபிரேம் வரை ஒரு கோடு போட்டார். தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிவிடும். அந்தக் கோட்டை நான் கேட்கவில்லை, அவராகப் போட்டது. கடைசியில் அலைன்மென்ட்.

அது நடந்து 14 மாதம் ஆகிறது. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரை இரண்டு பக்கமும் 37க்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இப்படி அப்படி. வெள்ளைக் கோடுகள் உடையவில்லை. 80இல் பிரேக்கை அழுத்தினால் வண்டி பிடித்த கோட்டிலேயே நிற்கிறது, ஸ்டியரிங்கில் இரண்டு விரல் போதும். அந்த 'டொக்' கேட்ட இடத்தில் இப்போது கேட்கிற நிசப்தத்துக்கு நான் இன்னும் பழகவில்லை.

போன வாரம் நோட்டில் புதிதாக ஒன்று எழுதினேன். முனகல், 60க்கு மேல். பிரேக், ஆக்சிலரேட்டர் சம்பந்தமில்லை. நேரான சாலையில் லேசாக. வலது வளைவில் கூடுகிறது, இடது வளைவில் மறைகிறது. முன்னா பின்னா, இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தம்பி வருகிறான்.